அவ்வாவுக்குப் படித்துக் காட்டு

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

உன் கடிதமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களும் கிடைத்தன. அந்தப் பச்சைக் கதவை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். உன் தாத்தா ஓசூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்தபோது, வீட்டு வசதி வாரியத்துக்கு மாதத் தவணை கட்டி பாகலூர் அட்கோவில் வாங்கிய வீடு. கிரகப்பிரவேசத்துக்கு ராயக்கோட்டையிலிருந்து ஒரு கூடைத் தக்காளியோடு பஸ் ஏறி வந்தவன் நான். இப்போது அதே கதவில், நாலு மூலையிலும் பசை தடவி ஒரு வெள்ளைத் தாள்.

பதினொரு கேள்வி கேட்டிருக்கிறாய். எப்போது சீல் வைப்பார்கள், போலீஸ் வருமா, ஸ்டே கிடைக்குமா என்று. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “அவ்வாகிட்ட கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ்னு சொல்லி வெச்சிருக்கோம் மாமா. நீங்க போன் பண்ணா அப்படியே சொல்லிடுங்க.”

கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில்: நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் அத்தைக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

நான் வங்கியில் கடைசி ஏழு வருஷம் வசூல் பிரிவில் இருந்தேன். உன் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிற மாதிரித் தாள்களின் அடியில் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’ என்று கையெழுத்துப் போடுகிற ஆள். ஒரு மார்கழி மாதம் மத்திகிரிக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டப் போனோம். மகன் லேத் பட்டறை வைத்து நொடித்துப்போயிருந்தார். வீட்டில் அம்மா மட்டும். நாங்கள் யாரென்றே கேட்காமல் சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். தாளை ஒட்டும்போது காற்றில் ஒரு மூலை பறந்தது. அந்த அம்மாள் வந்து, தன் கட்டை விரலால் அந்த மூலையை அழுத்திப் பிடித்துக் கொடுத்தார். பிறகு தெலுங்கில் கேட்டார், “நாயனா, இதில் என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லைம்மா, ஆபீஸ் வேலை” என்றேன்.

அடுத்த மார்கழியில், வெளியேற்றும் உத்தரவோடு போனோம். தாசில்தார், போலீஸ், பூட்டுக்காரர் எல்லாரும் கூட வந்தார்கள். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அழவில்லை, கத்தவில்லை. பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “இதை எங்கே போய்ச் சமைக்கிறது?” என்று மட்டும் கேட்டார். மகனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பத்திரத்தில் பெயர் இருந்த அவருக்குத் தெரியாது. ஒரு வருஷம் இருந்தது. அதில் ஒரு நாள்கூட அவருக்குக் கொடுக்காமல் நாங்கள் எல்லாரும் சேர்ந்து செலவழித்துவிட்டோம்.

அதனால்தான் சொல்கிறேன், பாப்பா. அந்தத் தாளை உன் அவ்வாவுக்குப் படித்துக் காட்டு. இதை மனசாட்சிக்காக மட்டும் சொல்லவில்லை. கீழே நான் சொல்லப்போகிற ஒவ்வொரு வழிக்கும் அவர் கையெழுத்து வேண்டும். வங்கிக்கு எழுதும் கடிதம், வக்கீலுக்குக் கொடுக்கும் வக்காலத்து, வீட்டை விற்பதானால் பத்திரம் என்று எல்லாமே அவர் பெயரில்தான் போகும். ‘கரண்ட் ஆபீஸ்’ என்று நீங்கள் சொன்ன பொய், அத்தனை கதவையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கதவில் அந்தத் தாளை ஒட்ட வைத்தது 2002ஆம் ஆண்டுச் சட்டம். வங்கிக்காரர்கள் ‘சர்ஃபேசி’ என்பார்கள். அதற்கு முன்பு அடமானச் சொத்தை ஏலம் விட வங்கி கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்கலாம். சிவில் கோர்ட் இதில் தலையிட முடியாது என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. அதனால், “முன்சீப் கோர்ட்ல ஸ்டே வாங்கித் தர்றேன், இருபதாயிரம் கொடுங்க” என்று உன் அப்பாவிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அவரை வாசலோடு அனுப்பிவிடு.

இதன் படிகள் இப்படிப் போகும். தவணை 90 நாள் தவறினால் கணக்கு ‘என்பிஏ’, அதாவது வாராக்கடன் ஆகிறது. அடுத்து, மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பட்டறைக்குக் கடன் வாங்கிய உன் சித்தப்பா அந்த 60 நாள் நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார் என்கிறாய். போனது போகட்டும். ஆனால் கவரைத் தேடி எடு. தபால் முத்திரைத் தேதி வேண்டும்.

இப்போது கதவில் இருப்பது மூன்றாவது படி, பொசஷன் நோட்டீஸ். அதைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். இது காகிதத்தில் எடுத்துக்கொண்டதாக அறிவிப்பது. அவ்வா அடுப்பில் பால் வைக்கலாம், வாசலில் கோலம் போடலாம். இதே அறிவிப்பு ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகையில் வரவேண்டும். அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்கும். அந்தப் பக்கத்தை வெட்டி வை. ஆளை வெளியேற்றிச் சாவியை வாங்க, வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ தனியாக உத்தரவு வாங்கி வரவேண்டும். அது வந்தால்தான் தாசில்தார், அட்வகேட் கமிஷனர், போலீஸ் எல்லாரும் வருவார்கள்.

இரண்டு தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் குறி. ஒன்று, இந்தப் பொசஷன் நோட்டீஸிலிருந்து 45 நாள். வங்கி செய்தது தப்பு என்று சொல்ல ஏதாவது இருந்தால், அதற்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில்தான் இருக்கிறது. ஆளை வெளியேற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இந்தக் காகித நோட்டீஸ் வந்தாலே போகலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள். முன்பெல்லாம் ஏலம் முடிந்து பத்திரம் பதிவாகும்வரைகூடப் பணத்தைக் கட்டி மீட்கலாம் என்று நாங்களே சொல்வோம். 2016இல் சட்டம் மாறியது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு மீட்கும் உரிமை கிடையாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. இன்னமும் பழைய கதையை நம்பி, ஏலத் தேதிக்கு முந்தின நாள் பணத்தோடு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஊரில் சொல்கிற மூன்று ஆறுதல்கள். நம்பாதே.

“வயசானவங்க இருக்கிற வீட்டை எடுக்க மாட்டாங்க.” சட்டத்தில் வயதுக்கு விலக்கு இல்லை. “கடன் வாங்கினது மகன், முதல்ல அவனைப் பிடிக்கட்டும்.” ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு சமம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்து அப்படித்தான். “பட்டாவில் புன்செய்னு இருக்கு, விவசாய நிலத்தைத் தொட முடியாது.” இது நம் பக்கத்தில் நிறையப் பேர் சொல்வது. சூளகிரி வரைக்கும் ராகி விளைந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டதே. விலக்கு உண்மையில் பயிர் செய்கிற நிலத்துக்குத்தான். பட்டாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது என்று 2023இல் தீர்ப்பு இருக்கிறது.

ஆனால் மெய்யாகவே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வாரியம் கொடுத்த விற்பனைப் பத்திரம் யார் பெயரில்? வில்லங்கச் சான்று போட்டுப் பார். உன் சித்தப்பா கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் வைத்தபோது பதிவான எம்ஓடி, அதாவது பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம், அதில் தெரியும். பத்திரம் தாத்தா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவ்வாவுக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. உன் அப்பா கையெழுத்து இல்லாமல் அவர் பங்கு எப்படி அடமானம் ஆயிற்று என்று தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அது உண்மையான கேள்வி. பத்திரம் அவ்வா பெயரில் மட்டும் என்றால் அந்த வழி இல்லை. அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்டாய். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். மனுவில் கையெழுத்து? அவ்வாவுடையதுதான்.

அடுத்து, நேராகப் பேச வேண்டியது. நோட்டீஸில் தொகை 31 லட்சம். உன் தெருவில் போன தை மாதம் ஒரு வீடு 70க்குப் போனதாக நீயே எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

நீங்கள் எல்லாரும் சேர்ந்தால் 31 லட்சம் புரட்ட முடியுமா? முடியாது. நான் இரண்டு லட்சம் தருகிறேன். மேலே என்னாலும் முடியாது. வங்கியிடம் ஓடிஎஸ் கேட்கலாம், அதாவது ஒரே தடவையில் தீர்த்துக்கொள்வது. வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறைத்தாலும் மீதிப் பணத்தை யாராவது கட்ட வேண்டும். அதற்காகக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். “பேங்க் பணத்தை நான் கட்டிடறேன், பவர் மட்டும் எழுதிக் கொடுங்க” என்று வருகிறவரிடம் அதைவிட ஜாக்கிரதையாக இருங்கள். மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரைக்கும் அப்படிப் பவர் எழுதிக்கொடுத்துக் கடனும் தீராமல் வீடும் இல்லாமல் நின்றவர்களை நான் என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

என் யோசனை உனக்குப் பிடிக்காது. வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. ஆகையால் அவ்வா கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன விலைக்கு ஆள் இருக்கிறது, பணம் நேராகக் கடன் கணக்குக்கு வரும், மூலப் பத்திரத்தை வாங்குபவரிடம் கொடுக்கச் சம்மதமா என்று. வாங்குகிறவரையும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான மேலாளர்கள் சரி என்பார்கள். ஏலம் நடத்துவது அவர்களுக்கும் தலைவலி. ஏலத்தில் மிஞ்சுகிற பணமும் சட்டப்படி அவ்வாவுக்குத்தான் வரவேண்டும். ஆனால் ஆள் குடியிருக்கிற வீட்டை ஏலத்தில் எடுப்பவர் அந்தத் தொல்லைக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார். நீங்கள் விற்றால் மிஞ்சுவது அவ்வா கைக்கு வந்து, மத்திகிரிப் பக்கமோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு சின்ன வீட்டுக்கு ஆகும். ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் இது முடியவேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு நாளையும் எண்ணச் சொல்கிறேன்.

“தாத்தா வாங்கின வீட்டை எப்படி மாமா விற்கச் சொல்றீங்க?” என்பாய். விற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீயோ நானோ இல்லை. அவ்வாவுக்கு வயது 74. ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். உங்களைவிடக் கணக்குத் தெரிந்தவர்.

அவரிடம் மறைக்க வைப்பது வெட்கம்தான் என்று எனக்குத் தெரியும். ஸ்பெயின் நாட்டில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் தெருவுக்கு வந்தபோது, 2009இல் பார்சிலோனாவில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். வாசலில் கூட்டமாக நின்று வெளியேற்றத்தைத் தடுத்ததுதான் செய்திகளில் வந்தது. ஆனால் அவர்களுடைய அன்றாட வேலை வாராவாரம் கூட்டம் போடுவது. நோட்டீஸை ஒளித்து வைத்திருந்தவர்கள் எழுந்து நின்று, “என் வீடு போகப்போகிறது” என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வார்கள். சொன்ன பிறகு, அதே வழியில் போய்வந்தவர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆடா கொலாவ் 2015இல் அந்த நகரத்துக்கே மேயர் ஆனார். வெட்கம் பார்சிலோனாவிலும் ஒன்றுதான், பாகலூர் அட்கோவிலும் ஒன்றுதான்.

உன் சித்தப்பாவைப் பற்றி இரண்டு வரி. அத்திப்பள்ளிப் பக்கம் எங்கோ அறை எடுத்து இருக்கிறார், போன் ஆஃப் என்கிறாய். உன் அப்பா அவரைத் திருடன் என்கிறார். நான் பட்டறைக் கணக்குகளைப் பார்த்தவன். ஜாப் ஒர்க் செய்கிறவனுக்குப் பில் பணம் 90 நாள், 120 நாள் கழித்து வருகிறது. கடன் கணக்கோ 90 நாளில் கெட்டுப்போகிறது. 2019இல் வண்டி விற்பனை சரிந்தது, அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. 2020 ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் நோட்டீஸை மறைத்தது தப்பு. பட்டறை நொடித்தது முழுக்க அவர் தப்பில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வராத பில் இருந்தால் கூட்டு வட்டியோடு கேட்க வழி உண்டு. அந்தப் பில் புத்தகம் எங்கே என்று கேட்பதற்காகவாவது யாராவது அவரைப் போய்ப் பார்க்கட்டும். அவர் கையை விரித்தால், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வா மனுக் கொடுக்கலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுவார்கள். பிள்ளைகள் என்றால் உன் அப்பாவும் சேர்த்துத்தான் என்று அவரிடம் சொல். அந்த உத்தரவு வங்கியை நிறுத்தாது, அது வேறு.

வசூல் ஆள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து அதட்டினான் என்றாயே. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. நேரம், நம்பர் எழுதி வை. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடு. பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வீடு மாறத்தான் வேண்டும் என்று முடிவானால், சாமான் கட்டுவதற்கு முன்பு ஒரு பையில் இவை தனியாக இருக்கட்டும்: ரேஷன் அட்டை, ஆதார், தாத்தாவின் பிஎஃப் பென்ஷன் புத்தகம், கண்ணாடி, மாத்திரை. சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற அம்மாவிடம் புது விலாசத்தைச் சொல்லிவிடு. நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் அந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. தேடி வருகிறவர்களுக்கு வீடு எங்கே என்று தெரியவேண்டுமே. அவ்வா சாயங்காலம் யாரோடு உட்கார்ந்து பேசுகிறாரோ, அவர்கள் நடந்து வந்து போகிற தூரத்துக்குள் புது வீட்டைப் பார்க்க முடிந்தால் பார். முதல் மாடி வேண்டவே வேண்டாம்.

உனக்குப் புதன்கிழமை வார ஓய்வு என்றாய். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மூவரும் வங்கிக்குப் போகலாம். மேலாளரிடம் நான் பேசுகிறேன், ஆனால் நாற்காலியில் அவ்வா உட்காரட்டும்.

அதற்குள் நீ ஒன்று செய்திருக்க வேண்டும். நாளைக்கு ஷிப்டு முடிந்து வந்ததும், டிவியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார். தாள் இங்கிலீஷில் இருக்கிறது, நீ தெலுங்கில் சொல். அவசரப்படாதே. ‘அசல்’, ‘வட்டி’, ‘60 நாள்’ எல்லாம் பிறகு வரட்டும். மூன்றாவது வரியில் அவ்வா பெயர் அச்சாகியிருக்கிறது. தாத்தா பெயரும் முழுதாக, தப்பில்லாமல் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
மாமா